கேலக்ஸிக் கொத்துகளின் நிறையை மெஷின் லேர்னிங்கால் வரைவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதுச்சேரி, கடலூர் பக்கத்துக் கல்லூரிகளுக்கு வானியல் பேசப் போனால், பேச்சைவிட அது முடிந்தபின் வரும் கேள்விகள்தான் நீளம். இயற்பியல் மாணவர்கள் ஒரு பக்கமிருந்து கேட்பார்கள், டேட்டா சயின்ஸ் படிப்பவர்கள் இன்னொரு பக்கமிருந்து. பிள்ளையைக் கூட்டிவந்த பெற்றோருக்கு வேறு கவலை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே ஒன்றாகப் போட்டிருக்கிறேன். பிளஸ் டூ இயற்பியல் நினைவிருந்தால் போதும். பின்பாதிக்குக் கொஞ்சம் பைத்தான் தெரிந்திருந்தால் நல்லது.

கேலக்ஸிக் கொத்து என்பது என்ன?

நம் சூரியன் இருக்கும் பால்வீதி ஒரு கேலக்ஸி. அப்படிப்பட்டவை நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றின் ஈர்ப்பில் மற்றொன்று கட்டுண்டு கிடப்பதுதான் கொத்து. அதன் நிறை ஒரு கோடி கோடி சூரியன்களில் தொடங்கும், அதாவது 1-க்குப் பின்னால் 14 சுழியம். பெரிய கொத்துகள் அதைப்போல் பத்து மடங்கு இருக்கும்.

இந்த நிறையில் ஏறக்குறைய 85 சதவீதம் கரும்பொருள். அது ஒளியை உமிழாது, உறிஞ்சாது, ஈர்ப்பால் மட்டுமே தன் இருப்பைக் காட்டும். மிச்சத்தில் பெரும்பகுதி கேலக்ஸிகளுக்கு இடையே பரவிக் கிடக்கும் சூடான வாயு, கோடிக்கணக்கான டிகிரி வெப்பத்தில். தொலைநோக்கிப் படங்களில் கண்ணைப் பறிக்கிற கேலக்ஸிகள் மொத்தக் கணக்கில் வெறும் சில்லறை.

நம் ஊரிலிருந்து ஏதாவது கொத்தைப் பார்க்க முடியுமா?

முடியும். அதிலும் நமக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. நமக்கு மிக அருகிலிருக்கும் பெரிய கொத்து கன்னி ராசியில் இருக்கிறது, தூரம் சுமார் 5.4 கோடி ஒளியாண்டு. அதன் நடுவிலுள்ள எம்87 என்ற கேலக்ஸி, வான நடுவரைக்கு (பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) 12 டிகிரி வடக்கே நிற்கிறது. புதுச்சேரியும் கடலூரும் ஏறக்குறைய அதே 12 டிகிரி அட்சரேகையில்தான் இருக்கின்றன. எனவே சித்திரை மாதத்தில் இரவு பத்து, பதினொரு மணி வாக்கில் எம்87 கிட்டத்தட்ட நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கும். லண்டன்காரருக்கு இந்த வசதி கிடையாது.

வெறும் கண்ணுக்குத் தெரியாது. நான்கு, ஆறு அங்குலத் தொலைநோக்கி போதும், மங்கலான ஒரு பஞ்சுப் பொட்டாகத் தெரியும். கடற்கரை விளக்கு வெளிச்சத்தில் வேலைக்கு ஆகாது, ஊர் தாண்டி வயல்வெளிப் பக்கம் போய்விடுங்கள். 2019 ஏப்ரலில் வெளியான முதல் கருந்துளைப் படம் நினைவிருக்கிறதா? அந்தக் கருந்துளை இந்த எம்87-இன் நடுவில் இருப்பதுதான்.

கொத்தின் நிறை தெரிந்து என்ன ஆகப்போகிறது?

எந்த நிறையில் எத்தனை கொத்துகள் எந்தக் காலத்தில் இருந்தன என்று எண்ணிவிட்டால், பிரபஞ்சத்தில் மொத்தம் எவ்வளவு பொருள் இருக்கிறது, அது எவ்வளவு வேகமாகத் திரண்டது என்று சொல்லிவிடலாம். எண்ணிக்கை பிரச்சினை இல்லை, நிறைதான் பிரச்சினை. பெரிய கொத்துகள் அரிது என்பதால், நிறையில் சின்னப் பிசகு நேர்ந்தாலும் எண்ணிக்கைப் பட்டியல் தாறுமாறாகிவிடும்.

இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. பிளாங்க் விண்கலம் பிரபஞ்சத்தின் பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணியை அளந்தது. அந்த அளவீட்டின்படி எத்தனை கொத்துகள் இருக்கவேண்டுமோ, அதைவிடக் குறைவாகத்தான் அதே விண்கலத்தின் கண்ணில் பட்டன. 2013-இல் இது வெளியானபோது பெரிய விவாதம் எழுந்தது. கொத்துகளின் நிறையை நாம் சுமார் 20 சதவீதம் குறைத்து மதிப்பிடுகிறோம் என்று அதுவரை பொதுவாக எண்ணியிருந்தார்கள். இரண்டு கணக்கும் பொருந்த வேண்டுமென்றால் அது 40 சதவீதமாக இருக்கவேண்டும். புதிய இயற்பியலா, அல்லது எடை போட்டதில் கோளாறா? இந்தச் சந்தேகம்தான் பலரை எடை போடும் முறைகளைத் திரும்பத் தோண்ட வைத்தது.

மெஷின் இல்லாமல் எப்படி எடை போட்டார்கள்?

நான்கு வழிகள் உண்டு, நான்கிலும் ஓட்டை உண்டு.

முதலாவது வேகம். 1933-இல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கொத்திலுள்ள கேலக்ஸிகளின் வேகத்தைப் பார்த்தார். நொடிக்கு ஆயிரம் கிலோமீட்டர் அளவில் ஓடுகின்றன. கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் இருந்தால் இந்நேரம் அவை சிதறிப்போயிருக்க வேண்டும். கரும்பொருள் பற்றிய பேச்சு இங்கேதான் சூடு பிடிக்கிறது. ஓட்டை என்னவென்றால், கொத்துக்கு முன்னாலும் பின்னாலும் சம்பந்தமில்லாமல் நிற்கும் கேலக்ஸிகள் கணக்கில் புகுந்துவிடும்.

இரண்டாவது எக்ஸ்ரே. சூடான வாயு எக்ஸ்ரேயை உமிழும். நம் சந்திரசேகரின் பெயரைத் தாங்கி 1999-இல் ஏவப்பட்ட சந்திரா தொலைநோக்கி இதைப் பார்க்கிறது. வாயுவின் அழுத்தமும் ஈர்ப்பும் சமநிலையில் நிற்கின்றன என்று வைத்துக்கொண்டு நிறையைக் கணக்கிடுகிறோம். ஆனால் கொத்துகள் மோதிக்கொள்கின்றன, வாயு கலங்கியபடி இருக்கிறது. அந்தக் கலக்கமும் ஒரு பகுதி எடையைத் தாங்குவதால் கணக்கில் நிறை குறைந்து வரும்.

மூன்றாவது, நுண்ணலைப் பின்னணி கொத்து வழியாக வரும்போது சூடான எலெக்ட்ரான்களில் பட்டு லேசாக மாறுவது. சுன்யாயெவ்–செல்டோவிச் விளைவு என்று பெயர். இதுவும் வாயுவைத்தான் பார்க்கிறது, ஆகவே முந்தைய நோய் இதற்கும் உண்டு.

நான்காவது, ஈர்ப்பு வில்லை. இதற்குத் தனிப் பதில் வேண்டும்.

ஈர்ப்பு வில்லையை வைத்து வரைபடம் போடுவது எப்படி?

நிறை தனக்குப் பின்னாலிருந்து வரும் ஒளியை வளைக்கிறது. கொத்தின் நடுப்பகுதியில் இது பலமாக இருக்கும், பின்னாலுள்ள கேலக்ஸிகள் வில் வில்லாக நீண்டு தெரியும். 1980-களில் ஏபெல் 370 கொத்தில் இப்படி ஒரு பெரிய வில்லைக் கண்டார்கள். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் முதல் படமாக வந்ததும் இப்படிப்பட்ட ஒரு கொத்துதான். அதிலிருந்த வளைந்த கோடுகள் எல்லாம் கொத்துக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருக்கும் கேலக்ஸிகள்.

நடுவைவிட்டு விலகினால் விளைவு மெலிந்துவிடும். பின்னாலுள்ள ஒவ்வொரு கேலக்ஸியின் வடிவமும் ஓரிரு சதவீதம் மட்டுமே இழுபடும். இதில் சிக்கல் என்ன? கேலக்ஸிகள் பிறவியிலேயே வட்டமாக இருப்பதில்லை. அவற்றின் சொந்தக் கோணல் சுமார் 30 சதவீதம், நாம் தேடுவது ஓரிரு சதவீதம். தனியொரு கேலக்ஸியைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. நூறு கேலக்ஸிகளின் சராசரி எடுத்தால் பிழை பத்தில் ஒன்றாகி 3 சதவீதத்துக்கு இறங்கும். தொள்ளாயிரம் எடுத்தால் 1 சதவீதம். முழுநிலவின் பரப்பில் எழுநூறில் ஒரு பங்கு இடத்தில் யூக்ளிட் விண்கலத்துக்குக் கிடைப்பது சுமார் 30 கேலக்ஸிகள் என்று வைத்துக்கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்: பிழை 5 சதவீதத்துக்கும் மேல் வரும்.

வடிவங்களின் இழுப்பிலிருந்து நிறை வரைபடத்துக்குப் போகும் கணக்கை 1993-இல் நிக் கைசரும் கார்டன் ஸ்கொயர்ஸும் தந்தார்கள். ஃபூரியே மாற்றம் தெரிந்தவருக்கு அது பத்து வரி நிரல். ஆனால் வரைபடம் இரைச்சலாக வரும். இரைச்சலைக் குறைக்க மங்கலாக்கினால் சின்னச் சின்ன மேடுகளும் சேர்ந்து கரைந்துபோகும். இன்னொரு தொல்லையும் உண்டு. எல்லா இடத்திலும் ஒரே சீராக நிறையைப் பரப்பினால் வடிவங்களில் அது தெரியவே தெரியாது.

சரி, மெஷின் லேர்னிங் இங்கே எதற்கு?

மேலே சொன்ன நான்கு வழிகளிலும் ஒரு படத்தை எடுத்து, அதிலிருந்து ஓரிரு எண்களைப் பிழிந்து, மீதியை எறிந்துவிடுகிறோம். எக்ஸ்ரே படம் முழுவதையும் மொத்த வெளிச்சம் என்ற ஒரே எண்ணாகச் சுருக்கிவிட்டால், கொத்து உருண்டையாக இருந்ததா, சமீபத்தில் மோதி நசுங்கியதா என்ற செய்தி போய்விடும். உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நிரலான நியூரல் நெட்வொர்க், படத்தை முழுசாக வாங்கிக்கொள்கிறது.

செய்முறை இதுதான். சூப்பர் கம்ப்யூட்டரில் ஒரு பிரபஞ்சத்தை ஓட்டுகிறார்கள். அதில் உருவாகும் கொத்துகளின் உண்மையான நிறை நமக்குத் தெரியும், ஏனென்றால் அது நாம் செய்த பிரபஞ்சம். ஒவ்வொரு கொத்தையும் தொலைநோக்கியில் பார்த்தால் எப்படித் தெரியுமோ, அப்படி ஒரு போலிப் படம் தயாரிக்கிறார்கள், இரைச்சலையும் சேர்த்து. கேள்வியாகப் படம், விடையாக நிறை. இப்படி ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் காட்டி நெட்வொர்க்கைப் பழக்கி, பிறகு நிஜ வானத்துப் படத்தைக் கொடுக்கிறார்கள்.

விடையாக ஓர் எண் மட்டும் வேண்டுமென்றால், படங்களைப் படிப்பதற்கென்றே உள்ள சிஎன்என் என்ற சாதாரண நெட்வொர்க் வகை போதும். நிறை வரைபடமே வேண்டுமென்றால் பெரும்பாலும் யூ-நெட். மருத்துவப் படங்களில் செல்களைப் பிரித்துக் காட்ட 2015-இல் ஜெர்மனியில் உருவான அமைப்பு அது. படத்தைப் படிப்படியாகச் சுருக்கி, திரும்பப் பெரிதாக்கி, இடையில் நுணுக்கங்கள் தொலைந்துபோகாமல் குறுக்கு வழியாக அனுப்பிவைக்கும்.

இது சாட்ஜிபிடி மாதிரியா?

இல்லை. இந்த நெட்வொர்க்குக்குத் தெரிந்த வேலை ஒன்றே ஒன்று. அளவிலும் பொடிசு.

எவ்வளவு முன்னேற்றம் கிடைத்திருக்கிறது? எண் சொல்லுங்கள்.

2019-இல் மிஷெல் நடம்பாகாவின் குழு செய்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு. இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி என்ற சிமுலேஷனிலிருந்து 329 பெரிய கொத்துகளை எடுத்து, சந்திரா தொலைநோக்கி பார்ப்பதுபோல 7,896 போலிப் படங்கள் செய்தார்கள். நெட்வொர்க் சொன்ன நிறையில் சிதறல், அதாவது உண்மை நிறையைச் சுற்றி விடை அலைபாயும் அளவு, சராசரியாக 12 சதவீதம். நடுப்பகுதியை வெட்டிவிட்டு மீதி வெளிச்சத்தைக் கணக்கிடும் வழக்கமான முறையில் 15 முதல் 18 சதவீதம். மாயாஜாலம் இல்லை, நல்ல முன்னேற்றம். அதுவும் ஒளியின் நிறமாலையைத் தொடாமல், வெறும் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு.

வில்லை வரைபடத்தில் 2020-இல் டீப்மாஸ் என்ற முறை வந்தது. கொத்துக்கு மட்டும் என்றில்லாமல் வானத்தின் பரந்த பகுதிக்கே நிறை வரைபடம் போடும் யூ-நெட் அது. வீனர் வடிகட்டி என்ற பழைய முறையைவிட வரைபடப் பிழையை 11 சதவீதம் குறைத்தது. பிளாங்க் விண்கலத்தின் நுண்ணலைப் படங்களிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிஜக் கொத்துகளின் நிறையை 2022-இல் இன்னொரு குழு நெட்வொர்க்கால் மதிப்பிட்டது.

329 கொத்துகளிலிருந்து 7,896 படம் எப்படி வந்தது? அது ஏமாற்று இல்லையா?

டேட்டா சயின்ஸ் மாணவர்கள் சரியாகப் பிடிக்கும் இடம் இது. ஒரு கொத்துக்கு 24 படம் வீதம் வருகிறது. வெவ்வேறு திசையிலிருந்து பார்ப்பதும் படத்தைச் சுழற்றுவதும் கவிழ்ப்பதும் தப்பில்லை, கொத்துக்கு மேல், கீழ் கிடையாது. ஆனால் படங்களைச் சீட்டுக்கட்டுபோலக் கலைத்து, 80 சதவீதம் பயிற்சிக்கு, 20 சதவீதம் சோதனைக்கு என்று பிரித்தால் தொலைந்தோம். ஒரே கொத்தின் ஒரு முகம் பயிற்சியிலும் இன்னொரு முகம் சோதனையிலும் போய் உட்கார்ந்துவிடும். நெட்வொர்க் நிறையைக் கற்காமல் கொத்துகளை அடையாளம் வைத்துக்கொள்ளும். எனவே பிரிப்பது கொத்து வாரியாக இருக்கவேண்டும், படம் வாரியாக அல்ல.

அதே ஆய்வில் தரவைப் பல விதமாகப் பிரித்துச் சோதித்தபோது, மிக நன்றாக வந்த பிரிவில் சிதறல் 8 சதவீதம் மட்டுமே. அவர்கள் 12-ஐயும் சேர்த்தே சொன்னார்கள். மாணவர் புராஜெக்ட் அறிக்கைகளில் அந்த 8 மட்டும் தடித்த எழுத்தில் வரும், 12 எங்கேயும் இருக்காது. அப்படிப்பட்ட அறிக்கையைக் கண்டால் எனக்கு உடனே சந்தேகம் வந்துவிடும்.

மெஷினுக்கு இயற்பியல் தெரியாதே, அதை எப்படி நம்புவது?

இதுதான் எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது என்பது என் கருத்து. இதற்குப் புதுச்சேரியிலேயே ஒரு பழைய கதை இருக்கிறது.

வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க வந்த ஃபிரெஞ்சு வானியலாளர் லெ ஜெந்தீல், 1769 ஜூனில் புதுச்சேரி வானம் மேகம் மூடியதால் ஏமாந்த கதை பலருக்குத் தெரியும். அவர் இங்கிருந்தபோது, தமிழர் ஒருவரிடம் கிரகணம் கணிக்கும் முறையைக் கேட்டு எழுதிக்கொண்டார் என்பது அவ்வளவாகத் தெரியாது. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்குத் தமிழர் கணக்கில் வந்த பிழை 41 நொடி. ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையான டோபியாஸ் மேயருடையதில் 68 நொடி.

1825-இல் ஜான் வாரன் என்பவர் புதுச்சேரியில் ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அந்தக் கணிதர் தரையில் கிளிஞ்சல்களை வைத்து, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு, அவ்வாண்டு மே இறுதியில் வந்த சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டினார். வானியல் கோட்பாடு எதுவும் அவருக்குத் தெரியாது என்று வாரன் எழுதிவைத்திருக்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம். நடுவில் 23. முடிவில் 52.

நியூரல் நெட்வொர்க்கின் நிலையும் இதேதான். கோட்பாடு தெரியாமலும் விடை சரியாக வரலாம். அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் ஓர் இடத்தில் பிழை 4 என்பதால் எல்லா இடத்திலும் 4 என்று ஆகிவிடாது. கொத்துகளில் இது அப்படியே நடக்கிறது. நடுத்தர நிறையில் நெட்வொர்க் ஜோராகச் சொல்லும். மிகப்பெரிய கொத்தைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லும், மிகச்சிறியதைக் கூட்டிச் சொல்லும், ஏனென்றால் பயிற்சியில் ஓரங்களில் ஆட்கள் குறைவு. சராசரிப் பிழை என்ற ஒற்றை எண்ணில் இது ஒளிந்துகொள்ளும். நிறை வாரியாகப் பிழையை வரைந்து பார்த்தால்தான் வெளியே வரும்.

வாய்பாடுகளுக்கு இன்னொரு குணமும் உண்டு. அவை எந்தக் காலத்து வானத்துக்காகச் செய்யப்பட்டனவோ அங்கேயே நின்றுவிடும். திருநள்ளாற்றுக்குப் போகிறவர்கள் அறிவார்கள், திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி 2025 மார்ச்சில், கோயில் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-இல். எது சரி என்ற சண்டைக்கு நான் வரவில்லை. பழைய வாய்பாட்டை அப்படியே வைத்துக்கொள்வதற்கும், இன்றைய வானத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடு அது. சிமுலேஷனில் பழகிய நெட்வொர்க்கை நிஜ வானத்தில் இறக்கும்போது நமக்கு வரும் வேறுபாடும் அதுவே.

சிமுலேஷன் தப்பாக இருந்தால்?

நெட்வொர்க்கும் தப்பு, அதுவும் தன்னம்பிக்கையோடு. கரும்பொருளின் நடத்தையைக் கணக்கிடுவது ஓரளவு எளிது, ஈர்ப்பு மட்டும்தான். வாயுதான் பிடிகொடுக்காது. கருந்துளைகள் ஆற்றலைக் கக்கி வாயுவை எவ்வளவு தூரம் தள்ளும் என்பதில் ஒவ்வொரு சிமுலேஷனும் ஒவ்வொரு விதம்.

நல்ல சோதனை ஒன்று உண்டு. ஒரு சிமுலேஷனில் பழக்கி வேறொன்றில் தேர்வு வைப்பது. த்ரீ ஹண்ட்ரட் என்ற திட்டம் இதற்கு வசதி. 324 கொத்துப் பகுதிகளை, ஒரே தொடக்க நிலையிலிருந்து, வாயுவை வேறு வேறு விதமாகக் கையாளும் நிரல்களில் ஓட்டியிருக்கிறார்கள். ஒன்றில் பழகி மற்றொன்றில் தடுமாறினால், அந்த நெட்வொர்க் கற்றது கொத்தின் இயற்பியலை அல்ல, அந்த நிரலின் பழக்கவழக்கத்தை. இந்தத் தேர்வை வைக்காத ஆய்வுக் கட்டுரையின் பிழை அளவை நான் இரண்டால் பெருக்கிக்கொண்டுதான் படிப்பேன். இது என் சொந்த வழக்கம், விதி அல்ல.

நெட்வொர்க் எதைப் பார்த்து முடிவெடுக்கிறது என்று தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா?

கொஞ்சம் இருக்கிறது. மேலே சொன்ன 2019 ஆய்விலேயே, படத்தின் எந்தப் பகுதியை மாற்றினால் நெட்வொர்க் சொல்லும் நிறை மாறுகிறது என்று பார்த்தார்கள். கொத்தின் நடுப்பகுதியை அது கண்டுகொள்ளவே இல்லை! படத்திலேயே மிகப் பிரகாசமான இடம் அது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. எக்ஸ்ரே வானியலாளர்கள் பல காலமாக நடுவை வெட்டிவிட்டுத்தான் கணக்கிடுகிறார்கள், ஏனென்றால் அங்கே வாயு குளிர்வதும் கருந்துளை கிளறுவதும் வெளிச்சத்தை ஏற்றி இறக்கிவிடும், நிறையோடு அதற்குச் சம்பந்தம் குறைவு.

2023-இல் திக்விஜய் வடேகர் தலைமையில் ஒரு குழு வேறு வழியில் போனது. நெட்வொர்க்குக்குப் பதிலாக, தரவைப் பார்த்துச் சமன்பாட்டையே தேடித்தரும் முறையைப் பயன்படுத்தினார்கள். கிடைத்தது கையால் எழுதக்கூடிய ஒரு சின்னச் சூத்திரம். நுண்ணலை விளைவின் அளவோடு, வாயு நடுவில் எவ்வளவு செறிந்திருக்கிறது என்பதற்கு ஒரு திருத்தம் சேர்த்தால், பெரிய கொத்துகளின் நிறைச் சிதறல் 20 முதல் 30 சதவீதம் குறைகிறது. இதிலும் வில்லன் நடுப்பகுதிதான். இரண்டு வெவ்வேறு முறைகள் ஒரே இடத்தைக் காட்டும்போது எனக்கு நம்பிக்கை வருகிறது. இந்த இரண்டாவது வகைதான் எனக்கு அதிகம் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சூத்திரத்தை எதிர்த்து வாதாட முடியும், பயிற்சியில் தானே அமைத்துக்கொண்ட லட்சம் எண்களை உள்ளே வைத்திருக்கும் நெட்வொர்க்கோடு எப்படி வாதாடுவது?

மெஷின் போடும் வரைபடங்கள் ஏன் வழவழவென்று இருக்கின்றன? அது துல்லியமா, மேக்கப்பா?

பெரும்பாலும் பயிற்சியில் பயன்படும் அளவுகோலின் விளைவு. பிழையின் வர்க்கச் சராசரியைக் குறைக்கச் சொன்னால், நெட்வொர்க் பாதுகாப்பாக ஆடும். ஒரு சின்னக் கரும்பொருள் மேடு இங்கே இருக்கலாம் அல்லது பக்கத்தில் இருக்கலாம் என்ற நிலையில், இரண்டுக்கும் நடுவே மங்கலாகப் பூசிவிடும். அதாவது உங்களுக்குக் கிடைப்பது சாத்தியமான எல்லா வரைபடங்களின் சராசரி. அப்படியொரு கொத்து வானத்தில் எங்கும் இருக்காது. சின்ன மேடுகளை எண்ணுகிறவர்கள் இந்த வரைபடத்தை எடுத்து எண்ணினால் குறைவாகத்தான் வரும்.

இப்போது படம் உருவாக்கும் மாடல்களை வைத்து ஒன்றுக்குப் பதில் பல வரைபடங்களைத் தரச் செய்கிறார்கள். எல்லாவற்றிலும் வரும் மேட்டை நம்பலாம், ஒன்றில் வந்து ஒன்றில் மறைவதை நம்ப வேண்டாம். பார்க்க அழகாக, கூர்மையாக இருக்கிறது என்பதற்காக ஒரே ஒரு வரைபடத்தை எடுத்துப் போடுவதுதான் ஆபத்து.

புல்லட் கொத்தைக் கொடுத்தால் மெஷின் என்ன செய்யும்?

கடலூரில் ஒரு மாணவி கேட்டது, அருமையான கேள்வி. சுமார் 370 கோடி ஒளியாண்டு தூரத்தில் இரண்டு கொத்துகள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிப் போயிருக்கின்றன. மோதலில் வாயு சிக்கிப் பின்தங்கிவிட்டது. 2006-இல் ஈர்ப்பு வில்லையால் நிறையை வரைந்தபோது, நிறை வாயுவோடு நிற்காமல் கேலக்ஸிகளோடு முன்னே போயிருந்தது. கரும்பொருளுக்கான வலுவான சான்றுகளில் ஒன்று இது.

இப்போது வாயுப் படத்தை மட்டும் பார்த்து நிறை வரைபடம் போடப் பழகிய யூ-நெட்டை நினைத்துப் பாருங்கள். பயிற்சியில் அது பார்த்த கொத்துகளில் பெரும்பாலானவற்றில் வாயு இருக்கும் இடத்தில்தான் நிறையும் இருக்கும். இப்படிப்பட்ட மோதல்கள் பயிற்சியில் போதுமான அளவு இல்லையென்றால், அது நிறையை வாயுவின் மேலேயே கொண்டுபோய் வைக்கும். நம் மிக முக்கியமான சான்று அந்த வரைபடத்தில் அழிந்துபோயிருக்கும், எந்த எச்சரிக்கையும் வராது. வாயுவோடு வில்லைத் தரவையும் சேர்த்துக் கொடுக்கும் முறைகளை நான் ஆதரிப்பது இதனால்தான்.

அப்படியானால் மெஷின் கரும்பொருளைக் கண்டுபிடித்துவிடுமா?

அது எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று சொல்ல உதவும். அது எந்தத் துகள் என்பது வேறு கதை.

இந்தியாவில் இந்தத் துறையில் வேலை நடக்கிறதா? பிள்ளைக்கு எதிர்காலம் உண்டா?

நடக்கிறது. புனேயிலுள்ள அயுக்கா ஆய்வு மையத்தின் வானியலாளர்கள் 2017-இல் சுமார் 400 கோடி ஒளியாண்டு தூரத்தில், கொத்துகளே கொத்தாகக் கூடிய ஒரு பெருங்கொத்தைக் கண்டு அதற்குச் சரஸ்வதி என்று பெயரிட்டார்கள். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம், சென்னை கணித அறிவியல் நிறுவனம் போன்ற இடங்களில் முனைவர் பட்டத்துக்குச் சேர எம்எஸ்சி இயற்பியலும் நுழைவுத் தேர்வும் வேண்டும். எதிர்காலம் என்று பெற்றோர் கேட்பது சம்பளத்தை. நேராகச் சொல்கிறேன், நிரந்தர வானியல் வேலைகள் குறைவு. ஆனால் இரைச்சல் நிறைந்த தரவில் பிழையை ஒழுங்காகக் கணக்கிடக் கற்றவர் சும்மா இருப்பதில்லை.

அடுத்து என்ன தரவு வரப்போகிறது?

ஈரோசிட்டா எக்ஸ்ரே தொலைநோக்கியின் முதல் வானச் சுற்றாய்வில் கிடைத்த கொத்துகளும் குழுக்களும் 12,247. பட்டியல் 2024-இல் வெளியானது. 2023 ஜூலை 1 அன்று ஏவப்பட்ட யூக்ளிட், வானத்தில் சுமார் 14,000 சதுர டிகிரியைப் படம் பிடிக்கும் திட்டத்தோடு போயிருக்கிறது. சிலியிலுள்ள வேரா ரூபின் ஆய்வகம் 8.4 மீட்டர் ஆடியோடும் 3,200 மெகாபிக்சல் கேமராவோடும் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்டது. கொத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆராயும் காலம் முடிந்துவிட்டது, மெஷின் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்விக்கு இனி இடமில்லை.

கல்லூரி புராஜெக்டாக நான் எதைச் செய்யலாம்? லேப்டாப் போதுமா?

சிமுலேஷனை நீங்கள் ஓட்ட வேண்டாம், ஓட்டவும் முடியாது. இலஸ்ட்ரிஸ் டிஎன்ஜி திட்டத்தின் பெரிய பெட்டி சுமார் 100 கோடி ஒளியாண்டு அகலம், பெரிய கம்ப்யூட்டர்களையே திணறடித்தது. ஆனால் அதன் தரவு பொதுவில் கிடைக்கிறது, பதிவு செய்தால் இறக்கிக்கொள்ளலாம். சந்திரா, ஹபிள் படங்களும் இலவசம்.

முதலில் நெட்வொர்க்கைத் தொடாதீர்கள். ஒரு கொத்தை எடுத்து, பின்னாலிருக்கும் கேலக்ஸிகளின் இழுப்பைச் செயற்கையாக உண்டாக்கி, 30 சதவீத இரைச்சலைச் சேர்த்து, கைசர்–ஸ்கொயர்ஸ் கணக்கை நீங்களே எழுதிப் பாருங்கள். பைத்தானின் கணக்குத் தொகுப்பான நம்பை (NumPy) இருந்தால் போதும், சாதாரண லேப்டாப்பிலேயே ஓடும். இரைச்சல் எவ்வளவு கொடுமை என்பது அப்போதுதான் உறைக்கும். அப்புறம் அதே தரவுக்கு ஒரு சின்ன யூ-நெட். கொத்து வாரியாகப் பிரித்துவைக்க மறக்க வேண்டாம். இரண்டு வரைபடத்தையும் உண்மை நிறையோடு ஒப்பிட்டு, நிறை வாரியாகப் பிழையை வரையுங்கள். ஆறு மாத புராஜெக்டுக்கு இது தாராளம்.

ஜிபியு வேண்டியது யூ-நெட்டுக்கு மட்டும். இணையத்திலேயே நிரலை ஓட்டவிடும் கூகுள் கொலாபின் இலவசப் பகுதி போதும், ஆனால் ரொம்ப நேரம் ஓடினால் அதுவாகவே துண்டித்துவிடும். அதனால் சில சுற்றுகளுக்கு ஒரு முறை மாடலை டிரைவில் சேமிக்கும்படி நிரலிலேயே எழுதிவிடுங்கள்.